கூரை போட்ட பாலம் பார்க்கப் போறியா? இதைப் படிச்சுட்டுக் கிளம்பு

உன் மாமியார், மாமனார் வந்ததிலிருந்து நயாகரா, நியூயார்க், பாஸ்டன் என்று பெரிய ஊரெல்லாம் சுற்றிக்காட்டிவிட்டாய். இனி ஒரே நாளில் போய்த் திரும்புகிற மாதிரி, கூட்டம் இல்லாத இடமாகச் சொல்லு என்று கேட்டிருந்தாய். கார்னிஷ்–விண்ட்சர் பாலத்துக்குக் கூட்டிப்போ. நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிற கார்னிஷையும் வெர்மாண்டில் இருக்கிற விண்ட்சரையும் கனெக்டிகட் ஆற்றுக்குக் குறுக்கே சேர்க்கிற மரப்பாலம். 1866-இல் கட்டியது. கூரை உண்டு, பக்கச் சுவர் உண்டு. நீளம் சுமார் 449 அடி. வேடிக்கைப் பொருளாக ஓரமாக நிறுத்தி வைத்த பாலம் இல்லை, இன்றைக்கும் ஊர்க்காரர்கள் பால் வாங்கவும் வேலைக்குப் போகவும் அதன் வழியாகத்தான் காரில் போகிறார்கள்.

ஆனால் ஒரு விஷயம். பாலத்தை மட்டும் பார்க்க அரை மணி நேரம் போதும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் காரில் உட்கார்ந்துவிட்டு அரை மணி நேரம் பாலம் பார்த்தால், உன் மாமியார் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் 'இதுக்கா இவ்வளவு தூரம்' என்று முகத்தில் எழுதியிருக்கும். அதனால் பாலத்தைச் சுற்றி ஒரு நாளை எப்படிக் கட்டுவது என்றுதான் சொல்லப்போகிறேன். இன்னொன்று, அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அது பாலம். தெரியாவிட்டால் நீளமான மாட்டுக்கொட்டகைதான்.

எப்போ போகலாம்

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை இலை நிறம் மாறும் சமயம். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஆனால் அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை விடுமுறையோடு வரும் நீண்ட வார இறுதியில் மட்டும் போகாதே. நியூ இங்கிலாந்து முழுக்க அன்றைக்கு ரோட்டில்தான் இருக்கும். அதற்கு முந்தைய வாரம் போ, முடிந்தால் மாப்பிள்ளையை ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடச் சொல்லு.

மே நடுவிலிருந்து ஜூன் நடு வரை பிளாக் ஃபிளை என்று ஒரு சின்னக் கருப்பு ஈ. கொசு கடித்தால் அரிக்கும், இது கடித்தால் வீங்கிவிடும். காதுக்குப் பின்னால், முடி ஓரத்தில் பார்த்துப் பார்த்துக் கடிக்கும். குழந்தை இருக்கிற வீட்டுக்கு அந்த மாதம் வேண்டாம். மார்ச், ஏப்ரலில் பனி உருகி மண் ரோடெல்லாம் சேறாகிவிடும், நான் கீழே சொல்கிற சின்னப் பாலங்களுக்குப் போகும் வழி அப்போது சரிப்படாது. குளிர்காலத்தில் பாலம் பனியோடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பக்கத்தில் இருக்கிற மியூசியங்கள் மூடியிருக்கும். மே கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை எல்லாம் திறந்திருக்கும் என்று கணக்கு வைத்துக்கோ. எந்தக் கிழமை, எத்தனை மணி என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், முந்தின நாள் போனில் பார்த்துவிடு.

ஜூலை, ஆகஸ்டும் நல்லதுதான். அப்போது பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செயின்ட் காடன்ஸ் பூங்காவில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) ஞாயிறு மதியம் புல்வெளியில் கச்சேரி நடக்கும். ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்கள் உட்கார்ந்துவிடலாம்.

எந்த வழியாகப் போவது

உங்கள் நாஷுவாவிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் போய்விடலாம். பாஸ்டன் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஆறரைக்கே கிளம்பட்டும். 93-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே கான்கார்ட் பக்கம் போய், அங்கிருந்து 89-இல் ஏறி, எக்ஸிட் 20-இல் இறங்கினால் வெஸ்ட் லெபனான். பெட்ரோல், பாத்ரூம், குழந்தைக்கு மறந்துபோன டயாபர், எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடு. கடைகள் வரிசையாக இருக்கும், நியூ ஹாம்ப்ஷயரில் சேல்ஸ் டாக்ஸும் கிடையாது. இதற்கப்புறம் ரோடும் மரமும் ஆறும்தான். போன் சிக்னல் வரும், போகும். மேப்பை முன்னாலேயே டவுன்லோட் பண்ணி வைத்துக்கோ.

வெஸ்ட் லெபனானிலிருந்து 12ஏ ரோட்டில் தெற்கே திரும்பு. ஜி.பி.எஸ். சில சமயம் கிளேர்மாண்ட் வழியாகக் கூட்டிப்போகப் பார்க்கும், நேரம் கொஞ்சம் மிச்சமாகும் என்று காட்டும். கேட்காதே. 12ஏ-இல் வலது பக்கம் ஆறு கூடவே வரும், பண்ணை வரும், சோளக்காடு வரும். பின்சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த அரை மணி நேரமே ஒரு ஊர் பார்த்த மாதிரி. உன் மாமியாரை வலது ஜன்னல் பக்கம் உட்கார வை.

இன்னொரு வேடிக்கை. நியூ ஹாம்ப்ஷயரில் பெரியவர்களுக்கு சீட் பெல்ட் சட்டப்படி கட்டாயம் இல்லை. இதை உன் மாமனாரிடம் சொல்லாதே. நம் காரில் நம் சட்டம்.

பாலத்துக்குக் காலையில் போவதற்குக் காரணம் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் கரை கிழக்குப் பக்கம். காலையில் அங்கே நின்றால் வெயில் உன் முதுகில் இருக்கும், பாலத்தின் மேல் நேராக விழும், பாலத்துக்குப் பின்னால் அஸ்கட்னி மலை தெளிவாகத் தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் வெயில் கண்ணில் குத்தும், போட்டோவில் பாலம் கருப்புக் கட்டையாகத்தான் விழும். குடும்பப் போட்டோவை ஒன்பது, பத்து மணிக்குள் எடுத்து முடித்துவிடு. வண்டியை ரோட்டு ஓரத்தில் அப்படியே நிறுத்தாமல் ஒதுக்குப்புறமாக இடம் பார்த்து நிறுத்து, 12ஏ-இல் லாரி வேகமாக வரும்.

பாலத்தில் என்ன பார்க்க வேண்டும்

முதலில் நுழைவாயிலுக்கு மேலே இருக்கிற பலகை. குதிரையை நடத்தித்தான் கூட்டிப்போக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு டாலர் அபராதம் என்று எழுதியிருக்கும். குதிரைகள் ஒரே தாளத்தில் ஓடினால் அதிர்வில் பாலம் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு டாலர் சின்னப் பணம் இல்லை. குழந்தையைப் படிக்கச் சொல்லு, அப்புறம் நாள் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

அடுத்து எல்லோரும் கேட்கிற கேள்வி, பாலத்துக்கு எதற்குக் கூரை. பனி விழாமல் இருக்க என்று பாதிப் பேர் சொல்வார்கள். பனிக்காலத்தில் அன்றைக்கு ஓடியது சக்கரம் இல்லாத சறுக்கு வண்டி. அதற்குப் பனி வேண்டும். கூரை போட்டதால் பாலத்துக்குள் பனி இல்லாமல் போய், ஆள் வைத்து வெளியிலிருந்து பனியை அள்ளி வந்து பாலத்துக்குள் பரப்பினார்கள்! கூரை காப்பாற்றுவது போகிற ஆளை இல்லை, பாலத்தின் மரத்தை. பாரத்தைத் தாங்குகிற பக்கச் சட்டங்கள் மழையில் நனைந்து, காய்ந்து, நனைந்து கிடந்தால் இருபது வருஷத்துக்குள் உளுத்துவிடும். கூரையும் பலகைச் சுவரும் போட்டால் நூறு வருஷம் தாண்டும். கூரை ஓட்டை ஆனால் கூரையை மாற்றிக்கொள்ளலாம், செலவு கம்மி. நம் ஊரில் வீட்டுத் திண்ணைத் தூணை மழையில் விடாமல் தாழ்வாரம் இறக்கின அதே புத்தி என்று உன் மாமியாரிடம் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்.

உள்ளே போகும்போது பக்கச் சுவரைப் பார். குறுக்கும் நெடுக்குமாகச் சாய்த்து வைத்த சட்டங்கள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கடைசி வரை போகும். இந்த முறைக்கு இத்தியேல் டவுன் என்ற கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை எடுத்தார். இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், பெரிய உத்தரம் தேவையில்லை. ஒரே அளவில் அறுத்த சட்டங்களைச் சாய்த்து அடுக்கி, வெட்டிக்கொள்ளும் இடத்தில் துளை போட்டு மர ஆணி அடித்துவிட்டால் போதும். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் எல்லாச் சட்டத்துக்கும் பரவிவிடும். ஊர்த் தச்சர்களே கட்டிவிடலாம் என்பதால் நாடு முழுக்கப் பரவியது. யார் கட்டினாலும் அடிக்கு ஒரு டாலர் டவுனுக்கு உரிமைத் தொகை. கேட்காமல் கட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் இரண்டு டாலர். ஆள் கணக்கில் கெட்டி.

இந்தப் பாலத்தைக் கட்டினவர்கள் கார்னிஷைச் சேர்ந்த ஜேம்ஸ் டாஸ்கர், கிளேர்மாண்ட் ஊர் பீலா ஃபிளெட்சர். செலவு 9,000 டாலர். மற்ற ஊர்களில் பலகை வைத்த இடத்தில் இவர்கள் கனமான சதுரச் சட்டம் வைத்து, ஒன்றுக்குள் ஒன்று பதிகிற மாதிரி வெட்டிப் பொருத்தினார்கள். ஏன் இவ்வளவு கனம் என்றால், அந்த இடத்தில் 1796, 1824, 1849-இல் கட்டின மூன்று பாலங்களை ஏற்கெனவே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. இது நான்காவது. நடு ஆற்றில் ஒரே ஒரு கல் தூண், அதற்கு இந்தப் பக்கம் 200 அடிக்கு மேல், அந்தப் பக்கம் 200 அடிக்கு மேல் மரம் அப்படியே தாண்டி நிற்கிறது. கரையில் நின்று பார்க்கும்போது அந்தத் தூணைத் தேடிக் காட்டு. வேறு எந்த முட்டுக்கொடுப்பும் இல்லை என்று தெரியும்போதுதான் பெரியவர்களுக்கு மலைப்பு வரும்.

சிலர் இதுதான் அமெரிக்காவிலேயே நீளமான கூரைப் பாலம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒஹையோவில் ஆஷ்டபுலா பக்கம் 2008-இல் 613 அடிக்கு ஒன்று கட்டிவிட்டார்கள். உலகத்தில் நீளமானது கனடாவில் ஹார்ட்லாண்டில், 1,282 அடி. இது பழசு, கனமானது, இன்னும் உழைக்கிறது. அந்தப் பெருமை போதாதா? 1987-இல் மூடிவிட்டு இரண்டு வருஷம் பெரிய பழுது பார்த்து 1989-இல் திறந்தார்கள். அப்போது சில பெரிய உத்தரங்களைப் பலகை ஒட்டிச் செய்த புது மரத்தில் மாற்றினார்கள். 'எல்லாமே 1866 மரம்தானா' என்று மாமனார் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடு.

வண்டி ஓட்டும் முறை. ஜன்னல் கண்ணாடியை இறக்கு, பாட்டை நிறுத்து, விளக்கைப் போடு, மெதுவாகப் போ. பலகை மேல் டயர் ஓடும் சத்தம் தொம்தொம் என்று கூரை வரை போய்த் திரும்பி வரும், பழைய மரத்தின் வாசனை உள்ளே வரும். பலகை இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக மடியில் விழுந்து ஓடும். இரண்டு பக்கமும் வண்டி வரும் பாலம் என்பதால் நடுவில் நிறுத்திப் போட்டோ எடுக்காதே. கார் கூரையில் பெட்டியோ சைக்கிளோ கட்டியிருந்தால் வாசலில் போட்டிருக்கும் உயர அளவைப் பார்த்துவிட்டு நுழை. நடந்து போகத் தனி நடைபாதை இல்லை, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அதில் நடக்கிற ஆசையை விட்டுவிடு. நடக்கவென்று வேறு பாலம் இருக்கிறது, அடுத்துச் சொல்கிறேன்.

நான் சொல்கிற திட்டத்தில் பாலத்தைத் தாண்டி வெர்மாண்ட் போவது மதியம்தான். ஆனால் கண்ணெதிரே பாலத்தை வைத்துக்கொண்டு போகாதே என்றால் குழந்தை விடாது. ஒரு தடவை போய்த் திரும்பி வந்துவிடு, காசு இல்லை. தனியார் கம்பெனி கட்டி வசூல் பண்ணிக்கொண்டிருந்த பாலத்தை 1936-இல் நியூ ஹாம்ப்ஷயர் அரசு வாங்கி, 1943-இல் கட்டணத்தை எடுத்துவிட்டது. வெர்மாண்ட் ஏன் பாதிப் பணம் போடவில்லை என்று கேட்டால், ஆறு முழுக்க நியூ ஹாம்ப்ஷயருக்குச் சொந்தம். 1764-இல் இங்கிலாந்து ராஜா ஆற்றின் மேற்குக் கரையை எல்லை என்று சொன்னதை வைத்து, 1933-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நீ பாலத்தின் அந்தக் கடைசிக்குப் போய்ச் சேர்கிற வரைக்கும் வெர்மாண்டில் கால் வைக்கவில்லை. காவிரித் தண்ணீர் வழக்கைப் பேப்பரில் வரி விடாமல் படிக்கிற உன் மாமனாருக்கு இது ஒன்றே அரை நாளைக்குப் போதும்.

நடந்து பார்க்க ஒரு சின்னப் பாலம்

இதைத்தான் நிறையப் பேர் தவற விடுகிறார்கள். டாஸ்கர் அதே ஊரில் ஓடைகளுக்கு மேல் கட்டின சின்னப் பாலங்கள் இன்னும் நிற்கின்றன. பெரிய பாலத்திலிருந்து 12ஏ-இல் இன்னும் தெற்கே போனால் இடது பக்கம் டவுன் ஹவுஸ் ரோடு பிரியும். உள்ளே ஒரு மைல் போனால் டிங்கிள்டன் ஹில் பாலம், 1882. இன்னும் ஒரு மைல் போனால் பிளாக்ஸ்மித் ஷாப் பாலம், 1881. பக்கத்தில் முன்பு கொல்லுப்பட்டறை இருந்ததால் அந்தப் பெயர்.

டிங்கிள்டனைக் காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். பிளாக்ஸ்மித் ஷாப் பாலத்தில் இறங்கு. அதில் வண்டி கிடையாது, நடப்பவர்களுக்கு மட்டும்தான். மாமியார் நிதானமாக நடக்கலாம், குழந்தை ஓடலாம். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே குடும்பத்துக்காகத்தான் முக்கியமாக இதைக் கட்டினார்கள் என்று சொல்வார்கள். செலவு 873 டாலர். ஒரு வீட்டுக்காக ஊர்க்காசில் பாலமா என்று அன்றைக்கு யாராவது சண்டை போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இங்கே சுவரைப் பார்த்தால் பெரிய பாலத்தில் பார்த்த குறுக்குப் பின்னல் இருக்காது. நேராக நிற்கிற கம்பம், அதை நோக்கிச் சாய்கிற சட்டம், மறுபடி கம்பம், மறுபடி சாய்வு. நடுக் கம்பத்தின் இரண்டு பக்கமும் சட்டங்கள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். பாலம் சின்னது என்றால் இந்த முறையே போதும். குழந்தையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பெரிய பாலத்தின் சுவரையும் இதையும் வரையச் சொல்லு. பெரியவர்கள் ஓடைப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அது ஓடி ஓடி கம்பம் எண்ணிக்கொண்டிருக்கும். மரத்தில் பேர் செதுக்கியிருப்பதைப் பார்த்துவிட்டு நானும் செதுக்கட்டுமா என்று கேட்கும், கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிடு.

ஓடைப் பக்கம் இறங்கினால் புல்லில் உண்ணி இருக்கும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. முழு பேன்ட், பேன்ட் நுனியை சாக்ஸுக்குள் செருகு. மாமியாரின் புடவை ஓரத்தைக் காரில் ஏறும் முன் ஒரு தடவை உதறிப் பார். ராத்திரி குளிக்கும்போது குழந்தையின் முழங்கால் மடிப்பு, அக்குள், காது ஓரம் பார்க்கணும். இதில் சோம்பல் பார்க்காதே.

சாப்பாடும் சிலைத் தோட்டமும்

திரும்ப 12ஏ-இல் வடக்கே வந்து, பெரிய பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வலது பக்கம் செயின்ட் காடன்ஸ் பூங்கா. மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கோ. பாத்ரூம் சுத்தமாக இருக்கும், பாலத்துப் பக்கம் அந்த வசதி கிடையாது என்பதால் வயதானவர்களைக் கூட்டிப்போகும்போது இந்த வரிசை முக்கியம். தேசியப் பூங்காத் துறை நடத்துகிற இடம். பெரியவர்களுக்குக் கட்டணம் உண்டு, பதினாறு வயதுக்குக் கீழே இலவசம், ஆண்டு பாஸ் இருந்தால் எடுத்துக்கொண்டு போ.

அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் அமெரிக்காவின் பெரிய சிற்பி. 1885-இல் கோடைக்கு என்று இங்கே வந்தவர், லிங்கன் சிலைக்கான வேலையை இங்கே பார்த்தார், கடைசியில் இங்கேயே வீடு வாங்கித் தங்கி 1907-இல் இறந்தார். பாஸ்டன் காமன் ஓரத்தில், ஸ்டேட் ஹவுஸுக்கு எதிரே கருப்பினப் படைவீரர்கள் நடந்து போக ஒரு அதிகாரி குதிரையில் போகிற வெண்கலச் சிலை பார்த்தீர்களே, ஷா நினைவுச் சின்னம், அது இவருடையது. அதன் இன்னொரு வார்ப்பு இந்தத் தோட்டத்தில் இருக்கிறது. பாஸ்டனில் பஸ் சத்தத்தில் பார்த்ததை இங்கே வேலிச்செடிக்கு நடுவில், பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு வீரனின் முகமும் வேறு வேறு. பதினான்கு வருஷம் இழைத்திருக்கிறார், அதை ஐந்து நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வராதே.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, தயிர்சாதம் என்று நம் வழக்கமே நல்லது. இந்தப் பக்கம் சைவம் என்று கேட்டால் பீட்சாவும் சீஸ் சாண்ட்விச்சும்தான். தயிர்சாதத்தில் பால் அதிகமாக ஊற்றிக் கொஞ்சமாக உறைமோர் விட்டுக் கிளறு, ஐஸ் பை வைத்த டப்பாவில் போட்டால் மதியம் புளிக்காது. உருளைக்கிழங்கு வறுவலைவிட வாழைக்காய் சிப்ஸ் மேல், நமத்துப்போகாது. மாமனாருக்குச் சுகர் இருக்கிறது, பாலம் பார்க்கிற சுவாரசியத்தில் மதியம் ஒன்றரை ஆகிவிடும். பதினோரு மணிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீயே நினைவாக நீட்டு. மாத்திரை டப்பா பின் டிக்கியில் வேண்டாம், உன் கைப்பையில் இருக்கட்டும். அடுத்த காரில் இருப்பவர்களுக்கு ஊறுகாய் வாசனை போகுமே என்று வெட்கப்படாதே, பிக்னிக் மேசையில் எல்லோரும் அவரவர் சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறார்கள்.

உடுப்பு விஷயம். செப்டம்பர் காலையில் ஆற்றோரம் ஸ்வெட்டர் கேட்கும், மதியம் கழற்றத் தோன்றும். ஒரே கனமான ஜாக்கெட்டைவிட இரண்டு மெல்லிய அடுக்கு மேல். மாமனாரின் மங்கி கேப்பை எடுத்துக்கொள், போட்டோவுக்கு மட்டும் கழற்றச் சொல்லு. புடவைக்குக் கீழே ஷூ போட மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். பின்பக்கம் வார் வைத்த செருப்பாவது போடச் சொல்லு, அந்த வழியெல்லாம் சரளைக்கல்.

மதியம் அந்தக் கரைக்கு

சாப்பிட்டுவிட்டு இப்போது பாலத்தைத் தாண்டி விண்ட்சர் போ. அங்கே அமெரிக்கன் பிரிசிஷன் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைக் கேட்டால் உனக்குத் தூக்கம் வரும். ஆனால் அம்பத்தூரில் டூல் ரூமிலேயே உத்தியோக காலம் முழுக்க இருந்த மனிதரைக் கூட்டிப்போகிறாய் என்பதை மறந்துவிடாதே. லேத், மில்லிங் மெஷின், கேஜ் எல்லாம் பிறந்த வீடு மாதிரியான இடம். 1846-இல் கட்டின ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் துப்பாக்கித் தொழிற்சாலையின் அதே செங்கல் கட்டடம். ஒரு துப்பாக்கியின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் சரியாகப் பொருந்துகிற மாதிரி மெஷினில் செய்தார்கள். 1851-இல் லண்டன் கண்காட்சிக்கு அந்தத் துப்பாக்கிகளை அனுப்பி வைக்க, அசந்துபோன பிரிட்டிஷ் அரசு என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு இங்கேயிருந்து மெஷின்களையே வரவழைத்தது. மாமனாரை முன்னால் விட்டுவிட்டு நீ பின்னால் நட. அவர் விளக்குவார், குழந்தை கேட்கும். இந்தப் பயணத்தில் அவர் யாரையும் எதிர்பார்க்காமல் பேசுகிற ஒரு மணி நேரம் அதுதான்.

மாமியாருக்கு மெஷின் பிடிக்காது என்றால் நீங்கள் இருவரும் ஊருக்குள் நடந்துவிட்டு வாருங்கள். 1777 ஜூலையில் வெர்மாண்டின் முதல் அரசியல் சட்டத்தை எழுதி முடித்த சத்திரம் இங்கேதான் இருக்கிறது. வயதுவந்தவர்களை அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்று முதன்முதலில் எழுதினது அந்தச் சட்டம். எல்லா நாளும் திறந்திருக்காது, வெளியிலிருந்து பார்த்தாலும் சரி.

க்ரீமி என்ற பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்து. வெர்மாண்ட்காரர்கள் மெஷினில் சுற்றிக் கொடுக்கிற மெத்தென்ற ஐஸ்கிரீம். மேப்பிள் ருசி கேள், வெனிலா வாங்கி வாய்ப்பை வீணாக்காதே. மேப்பிள் சிரப்பும் வாங்கலாம். பெரிய கடை வேண்டாம், பண்ணை வாசலில் வைத்து விற்பார்கள். வெளிர் நிறத்தில் இருப்பதுதான் உசத்தி என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் அதை வாங்குகிறார்கள். நமக்கு அடர் நிறம்தான் சரி, வெல்லத்துக்குக் கிட்டத்தட்ட வரும், அடைக்குத் தொட்டுக்கொள்ள அருமை. ஒரு கேலன் சிரப்புக்கு நாற்பது கேலன் மரப்பால் காய்ச்ச வேண்டும், விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும்போது இதை நினைத்துக்கோ. திறந்த பிறகு பிரிட்ஜில் வை, இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

இன்னும் நேரம் இருந்தால், யாருக்கும் அலுப்பு இல்லை என்றால் மட்டும், அஸ்கட்னி மலை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரை கார் போகிற தார் ரோடு 3.7 மைல். நடக்க முடியாதவர்களும் அதுவரை காரிலேயே போய் வரலாம். வளைவு அதிகம், மாமியாருக்குக் காரில் தலை சுற்றும் என்றால் வேண்டாம். குவீச்சி பள்ளம், உட்ஸ்டாக் என்று இணையத்தில் பத்து இடம் காட்டும், அதையும் இதையும் ஒரே நாளில் திணிக்காதே. உட்ஸ்டாக்குக்கு வேறு நாள் வை, அங்கேயும் கூரைப் பாலம் இருக்கிறது.

திரும்பி வரும்போது 12ஏ வேண்டாம். விண்ட்சரிலிருந்து 91-இல் ஏறி வடக்கே போனால் ஒயிட் ரிவர் ஜங்ஷனில் 89 சேரும், அது வேகமான வழி. நாலு மணிக்குள் கிளம்பிவிடு. ஞாயிற்றுக்கிழமை என்றால் மூன்றரைக்கே. மலைக்குப் போன கூட்டம் அத்தனையும் அந்த நேரத்தில்தான் 93-இல் தெற்கே இறங்கும். இருட்டின பிறகு 89-இல் மான் குறுக்கே வரும், மூஸும் வரும், அதனால் மாப்பிள்ளை வேகத்தைக் குறைக்கட்டும். ஹூக்செட்டில் 93-ஐ ஒட்டிப் பெரிய ரெஸ்ட் ஏரியா இருக்கிறது, பாத்ரூமும் சாப்பாடும் ஒரே இடத்தில். கால் நீட்ட அங்கே ஒரு கால் மணி நேரம் நிறுத்து. மாமனார் காபி கேட்பார், வாங்கிக் கொடு. ஃபில்டர் காபி மாதிரி இருக்கும் என்று மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.